அண்ணன் பார்க்காத கால்

இன்று வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். என் தங்கை மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அவருடைய மகன், என் மருமகன், கேட்டுக்கொண்டார்.

"மாமா, நம்ம வீட்டுல படிச்சவரு நீங்க ஒருத்தருதான். அம்மாவப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க."

இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். அவரைப் பற்றி நல்ல வார்த்தைகள் நிறையவே உண்டு. என்னைப் பற்றியும் எழுதாமல் அவற்றை எழுத முடியவில்லை. அதுதான் தாமதம். வீட்டில் "நீ, வா, போ" என்று பேசிய தங்கையை இங்கே "அவர்" என்று எழுதுகிறேன். இந்த மரியாதையும் தாமதமாகத்தான் வருகிறது.

தங்கை புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். என்னைவிட ஐந்து வயது இளையவர். என்னைப் பட்டணத்துக்குப் படிக்க அனுப்பினார்கள். அவர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று உளியும் வாளியும் எடுத்தார். அன்று யாரும் அதைத் தவறு என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் சப்பாத்து மாட்டிக்கொண்டு ஆசிரியர் பயிற்சிக்குப் போன நாட்களில் அவர் வெறுங்காலோடு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தார். அதே தோட்டத்தில் மணமுடித்தார். மகனுக்கு நான்கு வயதாகும்போது கணவரை இழந்தார். அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் மேட்டிலும் சரிவிலும் நடந்தார்.

விடியும் முன் வேலைக்குப் போனால், வெட்டி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்க மாட்டார். பெண்கள் ஒதுங்குவதற்குக் காட்டில் இடம் கிடையாது. வேலை முடிந்த பிறகு ஒரு பெரிய குவளையில் சீனி நிறையப் போட்ட வரக்காப்பி. அதுதான் காலை உணவு. உடம்பைப் பார்த்துக்கொள் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. உடம்பு வேலைக்குப் போனால் போதும் என்று இருந்த காலம்.

தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். லயத்தை இடித்தார்கள். மருமகன் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நான் மனைவியை இழந்து ராசா பட்டணத்தில் தனியாக இருந்தேன். தங்கை என்னோடு வந்து தங்கினார். வரும்போதே அவருக்கு நீரிழிவு, நம் பேச்சில் இனிப்பு நீர், முற்றியிருந்தது. ஒரு கண்ணில் பார்வை மங்கல்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். தங்கையையும் மாணவியாக எடுத்துக்கொண்டேன். கால அட்டவணை எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினேன். காலையில் ஓட்ஸ். மதியம் ஒரு கிண்ணச் சோறு, இரண்டு மடங்கு கீரை. சீனி இல்லாத தேநீர். மாலையில் திடலைச் சுற்றி இரண்டு சுற்று. மணிக்கு ஒருமுறை தண்ணீர். அவர் ஒன்றையும் மீறவில்லை. "வாத்தியாரு வீட்டுல வந்து மாட்டிக்கிட்டேன் லா," என்று பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணியிடம் சிரித்துக்கொண்டே முறையிடுவார். எடை குறைந்தது. இனிப்பு நீரும் குறைந்தது. கிளினிக்கில் என்னைப் பாராட்டினார்கள். தங்கையை யாரும் பாராட்டவில்லை.

அட்டவணையின் கடைசி வரி, "கால்."

அதை எழுதச் சொன்னவர் கிளினிக்கில் தாதியாக இருந்த மிஸி. நம் தமிழ்ப் பெண். மெல்லிய நைலான் நரம்பால் தங்கையின் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா அம்மா?" என்று கேட்டார். பாதி இடங்களில் தங்கைக்குத் தெரியவில்லை. மிஸி என் பக்கம் திரும்பினார்.

"சார், இவங்களால குனிஞ்சு பாக்க முடியாது, கண்ணும் சரியில்ல. தெனமும் நீங்கதான் பாதத்தப் பாக்கணும். விரல் இடுக்கு, குதிகால், எல்லாம். முள்ளு குத்துனாகூட இவங்களுக்குத் தெரியாது."

தினமும் பார்த்துச் சரி போடுவதற்கு ஒரு சிறு புத்தகமும் கொடுத்தார்.

காரில் வரும்போது தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணன் தங்கச்சி காலப் புடிக்கிறதாம்! அந்தப் பொண்ணு சின்னப் புள்ள, அதுக்கு என்னா தெரியும்? எனக்கு நரகத்துலகூட எடம் கெடைக்காது."

நானும் சிரித்தேன். நம்மில் இளையவர்தான் மூத்தவர் காலைத் தொடுவார். மூத்தவன் இளையவள் காலைக் கையில் எடுத்தால் பாவம் அவளைச் சேரும் என்பது வழக்கம். அந்த வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வெடித்த குதிகால், கறுத்த நகங்கள், அட்டைக் கடித் தழும்புகள். அந்தக் கால்களைப் பார்க்க எனக்கு ஒரு கூச்சம். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "நகத்தைக் காட்டு" என்று ஒவ்வொரு நாளும் பார்த்தவன், வீட்டில் ஒருவர் காலைப் பார்க்கவில்லை.

மாலையில் நாற்காலியில் அமர்ந்தபடியே கேட்பேன். "கால் எப்படி இருக்கு?"

"இருந்த எடத்துலதாண்ணே இருக்கு."

புத்தகத்தில் சரி போட்டுவிடுவேன்.

பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் போவோம். அந்த ஆண்டும் போனோம். உச்சி வெயில். செருப்பைக் காரில் விட்டுவிட்டு எல்லாரும் வெறுங்காலில் சிமெண்டுத் தரையைக் கடந்து பந்தலுக்கு ஓடினோம். நானும் துள்ளித் துள்ளித்தான் ஓடினேன். தங்கை மட்டும் அர்ச்சனைத் தட்டோடு மெதுவாக நடந்து வந்தார். பாதி வழியில் தெரிந்தவர் ஒருவரைக் கண்டு, நின்று குடும்பநலம் விசாரித்தார்.

பந்தலில் ஒரு பெண் கேட்டார், "அக்கா, ஒங்களுக்குக் கால் சுடலியா?"

"ரப்பர் காட்டுல தேஞ்ச காலு இது. இதுக்கு என்னா சுடும்?"

நான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அப்படிச் சொல்லு! நம்மள மாதிரி சப்பாத்துக் காலா அது?"

எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கும் பெருமை. முள் குத்தினாலும் தெரியாது என்று மிஸி சொன்னதைக் கேட்டவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். மரத்துப்போன காலை உரம் பெற்ற கால் என்று மெச்சினேன்.

அன்று மாலையும் கேட்டேன். இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்றார். சரி போட்டேன்.

ஒன்பது நாள் கழித்து வீட்டில் ஒரு நாற்றம். எலி செத்திருக்கும் என்று அலமாரியை நகர்த்தித் தேடினேன். தங்கையும் விளக்குமாற்றோடு கூடவே தேடினார். மறுநாள் குவே பலகாரம் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணிதான் வாசலிலேயே நின்று தரையைக் காட்டினார். வெள்ளைத் தரை ஓட்டில் ஓர் ஒற்றைக்கால் தடம், அடுப்படியிலிருந்து கூடம் வரை மஞ்சளும் சிவப்புமாக. நானும் தங்கையும் அதன்மேல் நடந்துகொண்டிருந்தோம்.

மருத்துவமனையில் டாக்டர் இடது பாதத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சிறு புத்தகத்தைப் புரட்டினார். ஒரு நாள் விடாமல் சரி. முந்தைய நாள் வரை.

"தெனமும் பாத்தீங்களா சார்?"

கட்டிலிலிருந்து தங்கை சொன்னார்: "அண்ணன் தெனமும் பாப்பாரு டாக்டர். என் காலுதான் திடீர்னு இப்படிப் பண்ணிருச்சு."

நான் மறுக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். முதல் கொப்புளத்திலேயே வந்திருந்தால் மருந்து கட்டியே ஆற்றியிருக்கலாம் என்று டாக்டர் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார். பார்க்க வந்த உறவினர்கள், "நீங்க இவ்வளவு பாத்தும் விதி விடலையே," என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பிய அன்று மாலை ஒரு பேசினில் தண்ணீரும் துண்டும் எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். அவர் வலது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேணாண்ணே. எந்திரிங்க. யாராச்சும் பாத்தா என்னா சொல்லுவாங்க?"

"நான் வாத்தியாரு. நகம் பாக்குறது என் வேல. காட்டு."

சேலையைச் சற்று விலக்கினார். பிறகு பள்ளிப் பிள்ளை கையை நீட்டுவது போலக் காலை நீட்டினார். "இனிமே ஒங்களுக்குப் பாதி வேலதாண்ணே," என்றார். அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

"நகம் பாக்குறது என் வேல" என்ற இந்த ஒரு வாக்கியம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே என் வாயில் இருந்தது. எடுக்கவில்லை.

அதன் பின் ஏழு மாதம். மாலைதோறும் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, குதிகாலுக்கு எண்ணெய் தடவினேன். எனக்கும் முதுகு வலிக்கும் வயதுதான். தரையிலிருந்து எழ அவர்தான் கை கொடுப்பார். அந்த நேரத்தில் தோட்டத்துக் கதைகளை எல்லாம் சொன்னார். பிறகு சிறுநீரகம் தளர்ந்தது. ஒரு நாள் காலையில் ஓட்ஸ் சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மருமகனிடம் படித்துக் காட்டினேன். தன் தாயின் காலை நான் தினமும் பார்த்தேன் என்றே அவர் இதுவரை நம்பியிருந்தார். தாளை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். பிறகு, "அப்படியே போடுங்க மாமா," என்று மட்டும் சொன்னார். வேறு எதையும் அவரிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை.

தரையில் தடத்தைக் கண்டு சொன்ன பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கும், மாதந்தோறும் வீட்டுக்கே வந்து புண்ணைப் பார்த்த மிஸிக்கும், தங்கையைச் சக்கர நாற்காலியோடு தூக்கி இறக்கிய மருமகனின் நண்பர்களுக்கும், இறுதி நாளில் தெமியாங்கிலிருந்து உணவு சமைத்துக் கொண்டுவந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறீர்கள். வீட்டுக்குப் போனதும் உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள். குனிய முடியாதவர்கள் அருகில் இருப்பவரிடம் காட்டுங்கள். யார் மூத்தவர், யார் இளையவர் என்று பார்க்க வேண்டாம்.

இறுதிச் சடங்கில் பேரப்பிள்ளைகள் கால்மாட்டில் விழுந்து வணங்கினார்கள். மூத்தவன் வணங்கக் கூடாது என்று என்னைத் தள்ளி உட்காரவைத்தார்கள். அங்கிருந்தே அந்த வலது பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகங்கள் வெட்டியிருந்தன. குதிகால் வெடிப்பு ஆறியிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.