பேராயர் வரும்வரை பூட்டியிருந்த குளியலறை

கள்ளக்குறிச்சியின் பின்புறம், ஏரி வாய்க்காலை ஒட்டிய குடிசைப் பகுதியில் எங்கள் சபையின் சமூகப் பணிக்கு நான்தான் ஆள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பேச்சை மட்டும் விடவில்லை. அந்தப் பேச்சை நம்பித்தான் வேலை கொடுத்தார்கள். என்ன கட்டித் தரலாம் என்று கேட்கப் போன அன்றே பெண்கள் குளிப்பதற்கு நாலு சுவர் கேட்டார்கள். தையல் வகுப்பு, ஜெபக் கூடம் என்று சபைக் கமிட்டி என்னென்னவோ சொல்லிப் பார்த்தது. அவர்கள் மசியவில்லை.

பாதிப் பேர் கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர்கள். கரும்புச் சோகையின் காய்ந்த இலை கிழித்த கையும் கழுத்தும் வியர்வையில் எரிய எரிய வந்து சேர்வார்கள். உடனே குளிக்க முடியாது; வாய்க்கால் பக்கம் ஆண்கள் நடமாட்டம் ஓய வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரியான அக்கா ஒருத்தி என்னிடம் சொன்னாள்: “வெட்றதக்கூட ஒடம்பு தாங்கிடும்ணா. இப்டி காத்துக்கினு ஒக்காந்திருக்கறதுதான் தோல உரிக்குது.”

கட்டிடம் முடிந்தது. தண்ணீரும் வந்தது. பேராயர் வந்து ஜெபித்துப் பிரதிஷ்டை செய்யாமல் திறக்கக் கூடாது என்று கமிட்டிச் செயலர் சொல்லிவிட்டார். பேராயர் வருவதாகச் சொன்ன நாள் தள்ளிப்போனது. மறுபடி குறித்த நாளும் தள்ளிப்போனது. ஒருமுறை ஏதோ கூட்டம், ஒருமுறை வெளியூர்ப் பயணம், ஒருமுறை காரணமே சொல்லவில்லை. சாவி என் சட்டைப்பையில். தெருவில் நடந்தால் போதும், உள்ளே யார் குடியிருப்பது, உங்கள் சாமி இன்னும் குளித்து முடிக்கவில்லையா என்று பெண்களின் கேலி. அவர்கள் சிரித்தார்கள். இப்போது திறந்துவிடுவோம், அவர் வரும்போது கழுவி வைக்கலாம் என்று செயலரிடம் கெஞ்சினேன். புழங்கிய இடத்தைப் பிரதிஷ்டை செய்வது முறையில்லை என்றார்.

இதற்குள் பெண்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். நல்ல நேரம் அமையாமல்தான் நாங்கள் தயங்குகிறோமாம். ஒரு வெள்ளிக்கிழமை காலை போனால் கதவில் மஞ்சள் குங்குமம், நிலையில் மாவிலை, வாசலில் உடைத்த பூசணிக்காய், கற்பூரம் எரிந்த கரி.

“உங்க பெரியவருக்குத் தோதுப்படல போலக்கீது. நாங்களே முடிச்சிட்டோம். தொறங்கண்ணா,” என்றாள் அக்கா. எனக்கு உதவி செய்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில்.

சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். செயலரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. யார் சொன்னார்களோ தெரியாது. வாசலைப் பார்த்தார், சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். முதலில் சுத்திகரிப்பு ஜெபம் நடக்க வேண்டும், அதற்கும் பேராயர்தான் வர வேண்டும், இனிமேல் இங்கே கற்பூரம் கொளுத்த மாட்டோம் என்று எல்லாரும் சொல்ல வேண்டும் என்றார்.

“இனிமே இன்னாத்துக்குங்க கொளுத்தப் போறோம்? தொறப்பு விழா ஒரு தரந்தான?” என்றாள் அக்கா.

அவர் வண்டியைத் திருப்பினார். நான் சபை வரைக்கும் பின்னாலேயே போய்ச் சண்டை போட்டேன். அவர்கள் நம்மை எதிர்த்துச் செய்யவில்லை ஐயா, நம் வேலையைத் தங்கள் வேலையாக நினைத்துச் செய்தார்கள், அதற்குத்தானே இத்தனை நாள் வீடு வீடாகப் போய் வந்தோம் என்றேன். நீ எந்தப் பக்கம் என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுநாள் சாயங்காலம் அவரே என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. கீல்களின் திருகுகளைக் கழற்றி, தகரக் கதவை மறுபக்கமாகத் திறந்து, இடைவெளியில் சாக்குப் படுதா கட்டியிருந்தார்கள். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம்.

எல்லாரையும் வெளியே வரச் சொல் என்றார் செயலர். பெண்கள் குளிக்கிற இடத்துக்கு நான் எப்படிப் போவது என்றேன். அவராலும் போக முடியாது. வாய்க்காலைப் பார்த்தபடி முதுகு காட்டி நின்றார்.

“யாரு, பெரியவரு வந்துட்டாரா?” என்றது உள்ளிருந்து அக்காவின் குரல். “செத்த இருக்கச் சொல்லுண்ணா. இப்பத்தான் சோப்பு போட்டுக்கினு இருக்கறோம்.”