தொன்னையில் நிற்காத சாம்பார்

தொன்னையில் சாம்பார் நிற்காது. அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, வாயைச் சுருட்டி நூல் சுற்றிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் எல்லா ஓட்டலிலும் அதைத்தான் செய்தார்கள். சூட்டில் அந்தக் கவர் தொளதொளவென்று தளர்வதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக்காரருக்கு அதில் ஊற்றிக் கொடுப்பேனா? ஊரார் பிள்ளைக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது?

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டிலேயே சமைத்து, பக்கத்துச் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மதியச் சாப்பாடு அனுப்பினோம். அந்த ஒரு ஆர்டரில்தான் குடும்பம் ஓடியது. தைத்த புரச இலையில் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, சோற்றைக் கட்டுவேன். பொரியலுக்குப் பாக்குமட்டைக் கிண்ணம். சாம்பாருக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தொன்னை. வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டுபோவார்.

ஒருநாள் சாம்பார் ஒழுகி, யாரோ ஒருவரின் கீபோர்டில் இறங்கிவிட்டது. கம்பெனி மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நாளையிலேருந்து பிளாஸ்டிக் டப்பாதான்மா. ஊரே அதுலதான் குடுக்குது."

"ஊரே கிணத்துல விழுந்தா நானும் விழணுமா சார்?"

வீட்டுக்காரர் பின்னாலிருந்து செருமினார். நான் திரும்பவே இல்லை.

ஒழுகுவதுதானே குறை? மறுநாள் சாம்பாரைச் சோற்றிலேயே கெட்டியாகக் கலந்து, நெய் விட்டு, இலையில் கட்டி அனுப்பினேன். கன்னடக்காரப் பிள்ளைகள் பிசிபேளே பாத் என்று வழித்துச் சாப்பிட்டார்களாம். மேனேஜர் மட்டும் மசியவில்லை. சாம்பார் தனியாக, டப்பாவில் வேண்டும். இல்லையென்றால் இன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

"வீம்புக்கும் ஒரு அளவு இருக்கு," என்றார் வீட்டுக்காரர். "பேசாம டப்பா வாங்கிடலாம். நாளைக்கு அடுப்பு எரியணும்ல?"

"எரியும்," என்றேன்.

எரிந்தது. அவரைக் கேட்காமல் வழக்கம்போலச் சமைத்துக் கட்டினேன். பெஞ்சையும் கூடையையும் நானே சுமந்துபோய், கம்பெனிக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்தேன். பயம் இல்லாமல் இல்லை. மேனேஜர் கண்ணெதிரே வாங்கப் பாதிப் பேர் தயங்கினார்கள். பாதிக் கட்டுகள்தான் போயின. மீதியோடு வீடு திரும்பினேன்.

திட்டுவார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரர் கூடையை இறக்கி, ஒரு கட்டைப் பிரித்து, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார்.

"நாளைக்கு உப்பு கொஞ்சம் குறைச்சுப் போடு."

"நாளைக்கா?"

"பின்னே? நானும் வரேன். பெஞ்சை நீ ஒருத்தியாவா தூக்குவ?"