பிரிக்கப்படாத மடிப்பு

அந்தத் தெருவில் பள்ளிச் சீருடை என்றால் தையல்காரிதான். மதிய வெயில் சாய்ந்து, அறையெங்கும் நீலத்துணி மிதப்பதுபோல் தோன்றும் நேரத்தில் மெஷின் சத்தத்திலேயே அவள் பாதி உறங்கிவிடுவாள். கை மட்டும் விழித்திருக்கும். வளரும் பிள்ளைகளாயிற்றே என்று ஒவ்வொரு பாவாடையின் அடியிலும் கூடுதலாக மடித்துத் தைப்பாள். குட்டையானால் கொண்டுவருவார்கள், பிரித்து இறக்கிக் கொடுப்பாள்.

மகளுக்குக் குருவி என்று பட்டப்பெயர் வைத்ததும் அவள்தான். சோற்றைக் கொறிக்கும் குருவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடும். ஒரு டாக்டர் பூச்சி என்றார், இன்னொருவர் பரீட்சை பயம் என்றார்.

"பள்ளிக்கூடம்னாலே உனக்கு வயித்தைக் கலக்கிடும்டி" என்று அம்மாவும் சிரித்தாள்.

பாவாடை இடுப்பில் நிற்காதபோதெல்லாம் பக்கங்களைப் பிடித்துத் தைத்தாள். தைத்த இடம் தெரியாது, அப்படியொரு கை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. இவளோ பெற்ற பிள்ளை மெலிவதையே தையலில் மறைத்துவிட்டாள். மறைக்கிறோம் என்று பாவம் அவளுக்கே தெரியாது.

ஒருநாள் குருவியின் வகுப்புத் தோழி வந்து நின்றாள்.

"அத்தை, மறுபடியும் குட்டையாயிடுச்சு. இறக்கி விடுங்க."

அரைத்தூக்கத்தில் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தவளுக்குத் திடுக்கென்றது. இதுவும் குருவியின் பாவாடையும் ஒரே துணியில் ஒரே அளவில் வெட்டியவை. எழுந்துபோய்க் கொடியிலிருந்து மகளின் பாவாடையை எடுத்துத் திருப்பினாள். அடிமடிப்பு தைத்தது தைத்தபடியே இருந்தது.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பாவாடையை மேஜைமேல் விரித்தாள். "இதை ஒரு தடவைகூட இறக்கலைங்க டாக்டர். இடுப்பை மட்டும் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சிருக்கேன்."

டாக்டரம்மா தையல்களைத் தடவிப் பார்த்துவிட்டுக் குருவியிடம் குனிந்தார். "வெளிக்குப் போகும்போது ரத்தம் வருதாடா கண்ணு?"

குருவி தலையாட்டியது.

"ஏண்டி எங்கிட்ட சொல்லலை?"

"நீ சிரிப்பியேம்மா."

குழாய் விட்டுப் பார்த்ததில் குடலில் நாள்பட்ட அழற்சி என்று தெரிந்தது. மருந்தை நிறுத்தக்கூடாது, முன்னமே வந்திருக்கலாம், ஆனால் இனி வளருவாள் என்றார் டாக்டரம்மா. அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா பக்கத் தையல்களையெல்லாம் பிரித்துப் போட்டாள். தொளதொள பாவாடையை ஊக்கு குத்திக்கொண்டு குருவி பள்ளிக்குப் போயிற்று. பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மருந்தும் மழையுமாகக் காலம் போனது. பாவாடைக்கு ஊக்கு தேவைப்படாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு மதியம் மெஷின் பக்கத்தில் வந்து நின்றது குருவி.

"அம்மா, முட்டி தெரியுதும்மா. எல்லாரும் கேலி பண்றாங்க."

அவள் பிளேடை எடுத்து அடிமடிப்பைப் பிடித்தாள். கண் நிறைந்து நூலே தெரியவில்லை.

"நீயே பிரிடி" என்றாள்.