மலைக்கு நேரே கறுப்புக் கண்ணாடி

அத்தை கூலிங் கிளாஸைக் கழற்றும் விதம் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல, மலைப்பக்கம் முகம் திரும்பியதும் கை தானாக மேலே போகும். கண்ணாடியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அப்புறம்தான் நிமிர்ந்து பார்ப்பாள்.

அப்பாவின் அக்கா அவள். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக இளநீர்க் கடை வைத்திருந்தாள். எதிரே மலை. அந்த ஊர் மலைக்கு மேற்கே இருப்பதால் காலை வெயில் மலைக்கு மேலிருந்து நேராக முகத்தில் அடிக்கும். வருஷக்கணக்காக அதில் நின்று காய் சீவியதில் இரண்டு கண்ணிலும் மூக்கோரமாகச் சதை வளர ஆரம்பித்தது. உடம்புச் சூடு என்று விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டாள்.

தள்ளுவண்டியில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி ஒன்றும் வைத்திருந்தாள். அதைப் பார்த்த கண் டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கறுப்பா இருந்தா மட்டும் போதாதும்மா. இருட்டுனு நெனச்சி கண்ணு விரிஞ்சிக்கும், கெட்ட கதிர் ஜாஸ்தியா உள்ள போவும். யு.வி. 400னு போட்டதா, பக்கவாட்டுலயும் மூடறதா வாங்குங்க" என்றார். நான்தான் தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்தேன். ஆசிரமத்துப் பக்கம் திரியும் வெள்ளைக்காரி மாதிரி இருக்கிறேன் என்று கூச்சப்பட்டாலும் போட்டுக்கொண்டாள்.

ஆனால் மலையைப் பார்த்தால் கழற்றிவிடுவாள். இந்த ஊரில் மலைதானே சாமி.

"சாமி மூஞ்சிக்கு நேரா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு நிக்கறதா? இன்னா மரியாதடி அது?"

"நாள் பூரா மலைக்கு நேராதான அத்தே நிக்கற. அப்பறம் எப்பதான் போடுவ?"

"வூட்டுக்குப் போவும்போது" என்று சிரிப்பாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

சதை கருவிழி வரைக்கும் ஏறியது. அறுத்து எடுத்தார்கள். வெயிலில் கண்ணாடி இல்லாமல் நிற்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். திரும்பவும் வளர்ந்தது. தப்புச் செய்தால் சாமி கண்ணைக் குத்தும் என்று சின்ன வயதில் என்னை மிரட்டியவள் அவள்தான். அவள் என்ன தப்புச் செய்தாள்? கும்பிட்டதைத் தவிர ஒன்றும் இல்லை. இளநீர்க் கத்தி கட்டைவிரலில் இறங்கிய அன்று கடையை மூடினோம்.

இப்போது செங்கம் ரோட்டில் என் வீட்டில்தான் இருக்கிறாள். வெளிச்சம் பட்டாலே கண் எரிகிறதாம், எந்நேரமும் கண்ணாடியோடுதான் இருக்கிறாள். மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நேற்று சாயங்காலம் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மலையைப் பார்த்து நின்றிருந்தாள். கண்ணாடி முகத்திலேயே இருந்தது. கடைசியில் புத்தி வந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

"பரவால்லியே அத்தே, மலைக்கு நேராவே கண்ணாடி போட்டுக்கினு நிக்கிறியே!" என்றேன்.

அவள் திடுக்கிட்டாள்.

"மல இந்தப் பக்கமாடி இருக்குது?"