மூன்று வருடமாக ரிப்பேரே ஆகவில்லை

பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பதும் ஒரு தொழில் என்று தாம்பரத்தில் நம்பியவன் நான் ஒருவன்தான்.

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஓ.எஸ். அதில் லேசான ரகம் பழைய மெஷினிலும் ஓடும், வைரஸ் தொல்லையும் குறைவு. இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுபோன சகபாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சேலையூரில் ஒரு தனியார் பள்ளியின் பராமரிப்பு ஒப்பந்தத்தை நம்பித்தான் என் கடையே இருந்தது.

ஓப்பன்

பள்ளியின் இருபது கம்ப்யூட்டர்களும், மதிப்பெண்கள் இருக்கும் சர்வரும் கிழடு தட்டியவை. கரஸ்பாண்டெண்டிடம் ஓப்பன் சோர்ஸ் பற்றி அரை மணி நேரம் பேசினேன். லினக்ஸுக்குள்ளே எழுதியிருப்பது எல்லார் கண்ணிலும் படுவதால், ஓட்டை இருந்தால் யாராவது கண்டுபிடித்து அடைத்துவிடுவார்கள் என்றேன். புது மெஷின் வாங்க மனமில்லாமல் தலையாட்டியவர், நான் எழுந்தபோது கேட்டார்: "எல்லாம் சரி சார், ஓப்பன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எப்படி சார் சேஃப்டி?"

பதினாறு எழுத்து

சர்வருக்குப் பதினாறு எழுத்தில் பாஸ்வேர்ட் வைத்து, அலுவலகத்து ஸ்டெல்லா மேடத்திடம் மட்டும் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அது நோட்டீஸ் போர்டில், பஸ் ரூட் பட்டியலுக்குப் பக்கத்தில், சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் இருந்தது. "நான் லீவு போட்டா யாருக்கும் தெரியாம போயிடும் இல்ல சார், அதான் பத்திரமா எழுதி வெச்சேன்."

ஆயுத பூஜை

ஆயா கஸ்தூரி அக்கா சர்வரை நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்ததில், சந்தனம் பவர் பட்டனுக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டது. ஊசியால் கிளறி எடுத்தேன். "மனுசனுக்கே ஒரு நாள் லீவு கீது, அதுக்கு வோணாமா சார்?"

பொறுப்பான ஆள்

மூன்று வருடத்தில் அந்தச் சந்தனத்தைத் தவிர வேறு கோளாறே வரவில்லை. மாதம் ஒருமுறை போய் அப்டேட் போட்டு, பேக்கப் எடுத்து, டீ குடித்துவிட்டு வருவேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போனபோது கரஸ்பாண்டெண்ட், "ஒண்ணுமே ரிப்பேர் ஆகலையே, நீங்க என்ன பண்றீங்கன்னே தெரியல சார்" என்று கைகூப்பிவிட்டார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. நான் கடையை மூடினேன்.

புதியவர் லினக்ஸை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டார். வைரஸ் புகுந்து அரையாண்டு மதிப்பெண் மொத்தமும் போயிற்று. அவர் பேக்கப்பும் எடுத்து வைத்திருக்கவில்லை. கேள்விப்பட்டபோது வயிறெரிந்தது. கூடவே, திரும்பக் கூப்பிடுவார்கள் என்ற அற்ப ஆசையும் வந்தது. வெட்கத்தை விட்டு நானே போனேன்.

தரையில் நாலு மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு புதியவர் வியர்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு, கரஸ்பாண்டெண்ட் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "மூணு நாளா வீட்டுக்கே போகாம பாக்குறார் சார், இப்படிப் பொறுப்பான ஆள் எங்க கெடைப்பாங்க?"

ஆகவே சகபாவிகளே, லேசானதாகவே போடுங்கள், பாதுகாப்பானதாகவே போடுங்கள், ஆனால் மாதம் ஒரு ஒயரையாவது நீங்களே பிடுங்கிவிட்டு, எல்லாரும் பார்க்க ஓடிப்போய் மாட்டுங்கள்.