புழுக்கையை நசுக்கிப் பார்த்தவர்

ஆனைக்குட்டம் பக்கம் ஒரு கரிசல் புஞ்சையில் எருவுக்காகக் கிடை போட என் வெள்ளாடுகளை ஓட்டிப் போயிருந்தேன். புஞ்சைக்கார அம்மா வரப்பிலேயே மறித்துவிட்டார். நெடிய உருவம், கையெல்லாம் முள் கீறிய தழும்பு. குனிந்து ஆட்டுப் புழுக்கை ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார். உள்ளே ஒரு பழுப்பு விதை முழுசாக இருந்தது.

“வர்ற வழியில சீமைக்கருவ நெத்து தின்னுச்சுகளா?”

“ஆமா தாயி, ஆசையாத் தின்னுச்சு. நம்ம உடைமரத்து நெத்தையும் இப்படித்தான தின்னு விதையைப் போடுது?”

“ஆட்டு மேல குத்தமில்ல, அது வேலையை அது செய்யுது. உடைக்குக் கீழ புல்லு முளைக்கும், உங்க ஆடும் மேயும். இந்தச் சீமைக்கருவைக்குக் கீழ எங்கனயாச்சும் புல்லு பாத்தீகளா?”

யோசித்தேன். பார்த்ததில்லை. ஆனாலும் எனக்குக் கோபம்தான் வந்தது. வேலிக்கும் விறகுக்கும் ஆகுமென்று ஊரே விதைத்த மரம் அது. வேறு புஞ்சைக்குப் போகிறேன் என்றேன்.

“அங்கன விதை விழுந்தாலும் இங்கன வந்துரும்” என்று சொல்லி, ஆடுகளைப் பக்கத்துப் பாறைக்குத் திருப்பினார். தன் மாட்டுக்கு வைத்திருந்த சோளத்தட்டையை அவற்றுக்குப் போட்டார். தினமும் விடிந்ததும் வந்து புழுக்கையை நசுக்கிப் பார்ப்பார். அதில் விதை இல்லையென்று ஆன பிறகுதான் கிடையைப் புஞ்சைக்குள் விட்டார்.

சில வருடம் கழித்து அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். கண்மாய் முழுக்கச் சீமைக்கருவை. அது மூன்று பக்கமும் நெருக்கி நிற்க, அவர் புஞ்சையில் மட்டும் பருத்தி வெடித்திருந்தது. வரப்போரம் கடப்பாரையால் ஒரு கருவைத் தூரைத் தோண்டிக்கொண்டிருந்தார். பஸ் சத்தம் கேட்டும் அவர் நிமிரவில்லை.