கொடிக்காலுக்கு ஆகாத நாட்கள்

எனக்கு மாதவிடாய் வந்தால் எங்கள் தெருவுக்கே தெரியும். நான் யாரிடமும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. விடிகாலையில் வெற்றிலை எடுக்கப் போகிற கூட்டத்தில் நான் இல்லையென்றால் போதும், தமுக்கு அடித்த மாதிரிதான்.

சின்னமனூர்ப் பக்கம் கொடிக்கால் வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். அகத்தியை வரிசையாக வளர்த்து அதில் கொடியை ஏற்றி விட்டிருப்பார்கள். உள்ளே வெயில் இறங்காது, தரை எப்போதும் சதசதவென்று ஈரமாக இருக்கும். செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூரமான பெண்களும் வரப்போடு நின்றுகொள்ள வேண்டும். தூரம் என்பது இங்கே மாதவிடாய்க்குப் பெயர். மீறி நுழைந்தால் கொடி கருகிவிடுமாம். செருப்புக்கும் எனக்கும் ஒரே இடம் என்று கல்யாணமான முதல் மாதமே தெரிந்துகொண்டேன்.

நான் தேனியில் பலசரக்குக் கடைக்காரர் மகள். கடையில் மஞ்சளும் மல்லியும் மிளகாயும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். நான் எல்லா நாளும் அவற்றின் நடுவில்தான் உட்கார்ந்து பில் போட்டேன். ஒரு மிளகாய்கூட என்னைப் பார்த்து வாடியதில்லை.

வாடியது நான்தான். வயசுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு வலி. ஈரத் துணியை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து முறுக்குவார்களே, அடிவயிற்றில் அப்படி ஒரு முறுக்கு. தொடை வரைக்கும் இறங்கும். இடுப்பு விட்டுப்போகும். சில மாதம் வாந்தி வரும். கல்யாணம் ஆனால் சரியாகும் என்றார்கள். ஆனது. பிள்ளை பெற்றால் சரியாகும் என்றார்கள். இரண்டு பெற்றேன். இப்போது, நிற்கிற வயசு வந்தால் சரியாகும் என்கிறார்கள். செத்தால் சரியாகும் என்பதை மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஊருக்கே தெரிகிற சங்கதி என்பதால் ஊரே வைத்தியம் சொல்லும். மாமியார் விடிந்ததும் ஊறவைத்த வெந்தயத்தோடு வந்து நிற்பார். எதிர் வீட்டுக்காரம்மா, பெருங்காயத்தைப் பொரித்து மோரில் போட்டுக் குடிக்கச் சொல்வார். குமுளியிலிருந்து இங்கே கட்டிக்கொடுத்த பின்வீட்டு மலையாளத்துப் பெண், "சேச்சி, சீரக வெள்ளம் குடிச்சா மதி, வேற ஒண்ணும் வேணாம்" என்று சொம்போடு வருவாள். என் அம்மா போனில் எள்ளும் கருப்பட்டியும் இடித்துத் தின்னச் சொல்வார். ஓமத் தண்ணீர் என்பார் ஒருவர், முருங்கைக்கீரை என்பார் இன்னொருவர். ஒருமுறை யார் மனதையும் நோகடிக்க வேண்டாம் என்று எல்லாவற்றையும் மதியத்துக்குள் குடித்துத் தீர்த்தேன். வலி அப்படியே இருந்தது. கூடவே வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. இத்தனை பேரில் ஒருவர்கூட, "நீ படு, உன் வீட்டுச் சோற்றை நான் வடித்து வைக்கிறேன்" என்று சொன்னதில்லை. கஷாயம் சொல்வது சுலபம் அல்லவா.

பொய் சொல்லக் கூடாது, இரண்டு மட்டும் எனக்குக் கைகண்டவை. ஒன்று, சுக்குத் தட்டிப்போட்ட கருப்பட்டிக் காப்பி. வலி தொடங்குகிற நேரத்தில் சூடாகக் குடித்தால் கொஞ்சம் மட்டுப்படும். இன்னொன்று, ஒத்தடம். வெந்நீர்ப் பையை வாங்கி வைத்திருக்கிறேன், இருந்தாலும் என் மாமியார் செய்கிற ஒத்தடம் தனி. முற்றிய வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் போட்டு வாட்டுவார். தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்ப்பார். பிறகு என் அடிவயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே துணியைப் போட்டு மூடுவார். ஆறினால் அடுத்த இலை. அரை மணி நேரத்தில் முறுக்கு கொஞ்சம் தளரும்.

நான் தொட்டால் கருகிப்போகிற கொடியின் இலைதான் அதுவும். என் வயிற்றின் மேலேயே கிடக்கிறது. இதைக் கேட்டால் மாமியார், "பறிச்ச எலைக்கித் தீட்டு இல்லத்தா" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

தேனியில் டாக்டரிடமும் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி கிட்டி ஒன்றும் இல்லை, சிலருக்கு வலி இப்படிக் கடுமையாகவே இருக்கும், வலி ஏறுவதற்கு முன்னாலேயே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், ஓய்வெடுங்கள் என்றார் அந்த அம்மா. பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் காதில் 'ஒன்றும் இல்லை' என்பது மட்டும் விழுந்தது. அன்றிலிருந்து நான் முனகினால், "அதான் ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னுட்டாகள்ல?" என்பார். மோசமான மனிதர் இல்லை. ஒன்றும் இல்லாதது எப்படி வலிக்கும் என்று நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

இந்த மருந்துகளையெல்லாம்விடப் பெரிய மருந்து, பேசாமல் படுத்துக் கிடப்பது. அது எனக்குக் கிடைத்தது அந்தப் பாழாய்ப்போன தீட்டால்தான். எங்கள் வீட்டில் அடுப்படிக்குத் தடை கிடையாது. கேஸ் அடுப்பு வந்தபோதே அது போய்விட்டது. கொடிக்காலுக்கு மட்டும்தான் ஆகாது. சோறு பொங்கி வைத்துவிட்டால் மற்றவர்கள் தோட்டத்தில் இருக்கிற நேரம் முழுவதும் நான் கட்டிலில் சுருண்டுகொள்ளலாம். யாரும் வந்து கூப்பிட மாட்டார்கள்.

அப்படியிருந்தும் அந்தத் தடையோடு வருஷக் கணக்காகச் சண்டை போட்டவளும் நான்தான். படித்தவள் என்ற ரோஷம். "பூச்சி மருந்தா அடிச்சு ஊத்துறீங்க, அதுக்குக் கருகாத கொடி எனக்குக் கருகுமா அத்தை?" என்பேன். "என் மாமியா காலத்துல ஒருத்தி தெரியாம உள்ள போயி ஒரு பாத்தியே போச்சு" என்பார். அது வாடல் நோய், வேர் அழுகியிருக்கும் என்பேன். "ஒனக்கு எல்லாந் தெரியும்" என்று எழுந்து போய்விடுவார். அசைந்து கொடுத்ததே இல்லை.

போன ஆவணியில் அசைந்து கொடுத்தார். முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம், வெற்றிலை கேட்டு வியாபாரிகள் போன் மேல் போன். ஆனால் இலை எடுக்கிற பெண்களெல்லாம் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்விட்டார்கள். அங்கே ஏலக்காய் பறிக்கிற காலம். வீட்டு ஆட்களே இறங்கினாலும் கை போதாது. எனக்கோ அன்று விடியும்போதே வந்துவிட்டது. சுக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஏத்தா, யோசிச்சுப் பாத்தா நீ சொல்றதுதேன் சரி. காலம் மாறிப்போச்சு. தீட்டாவது ஒண்ணாவது? கெளம்பு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாகத் தொண்டை வற்றக் கத்தியதற்கு அன்றைக்குத்தானா பலன் வர வேண்டும்?

"அத்தை, வலிக்குது. நிக்கவே முடியல."

"வலிச்சா வெந்தயத்த முழுங்கிட்டு வா. வேல பாத்தா வலி தெரியாது."

செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். குனிந்து அடியிலிருந்து இலை கிள்ளிக்கொண்டே வர வேண்டும். குனியும்போதெல்லாம் வயிறு இழுத்துப் பிடித்தது. ஈரத்தில் நின்று நின்று கால் மரத்துப்போனது. அகத்தியைக் கட்டிப்பிடித்து நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குனிந்தேன். வெயில் ஏறும் முன் வரப்போரமாகப் போய் வாந்தி எடுத்தேன். "இஞ்சியக் கடிச்சுக்கத்தா" என்று மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். கொடி கருகவில்லை. அடுத்த நாளும் கருகவில்லை. அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன், நான் கிள்ளிய வரிசையில் தளதளவென்று துளிர் விட்டிருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்தது சந்தோஷமே இல்லை, எரிச்சல்தான்.

போன தடை போனதுதான், திரும்பி வரவில்லை. ஏலக்காய்க் காலம் முடிந்து ஆட்கள் மலையிலிருந்து இறங்கிய பிறகும் வரவில்லை. மாமியார் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார். "எங்க வீட்டுல இப்ப அதெல்லாம் பாக்குறதில்ல" என்று எதிர் வீட்டில் அவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. மாதாமாதம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனேன். ஒரே ஒரு லாபம், என் நாள் கணக்கு தெருவுக்குத் தெரியாமல் போனது. பெருங்காய மோரும் சீரக வெள்ளமும் வருவது நின்றது.

போன மாதம் மாத்திரைக்கும் கேட்கவில்லை. விடிகாலையிலேயே கூடத்துக் கட்டிலில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டேன். வீட்டுக்காரர் தலைப்பாகைத் துண்டோடு வந்தார்.

"கெளம்பலையா?"

"முடியலங்க. வயித்து வலி."

"மாத்தர போட்டியா?"

"போட்டேன். கேக்கல."

"கொஞ்ச நேரத்துல கேட்டுரும். ஆளு கொறச்சலா வந்திருக்காக புள்ள. நீ எல எடுக்க வேணாம். அங்கன வந்து ஒக்காந்து அடுக்கி மட்டும் குடு."

"வலிக்குதுங்க."

"அதான் ஸ்கேன்ல..."

"வலிக்குதுன்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன். அந்தக் கத்தல் வயிற்றைப் பிடித்து இழுத்தது. அவர் கோபப்படவில்லை. நான் கிளம்பி வந்துவிடுவேன் என்று துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டபடி நின்றார். அப்படி நின்றதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அப்போது மாமியார் அடுப்படியிலிருந்து வந்தார். என் முகத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"ஏலே, அவ வரக் கூடாது. தூரம்."

"அதான் இப்ப நம்ம பாக்குறதில்லையே?"

"இந்த மாசம் பாக்குறோம். கொடி கருகிப்போச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?"

வீட்டுக்காரர் கட்டிலை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாமியார் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினார். வாட்டிய இலைகளைத் தட்டில் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அவர் மேல்தான் முதலில் கோபம் வந்தது.

"ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க? எதுக்காக இத்தன வருசம் சண்ட போட்டேன்? வலிக்குதுன்னு சொன்னாப் பத்தாதா?"

"பத்துச்சான்னு நீயே பாத்தேல்ல?" இலையைப் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்தார். "எனக்கு மட்டும் வலிக்காமயா இருந்துச்சு? வலின்னு சொன்னவளுக்கு எவுக லீவு குடுத்தாக? சேலைய எறக்கு."

வேண்டாம் என்று தள்ளிவிடத்தான் நினைத்தேன். முடியவில்லை. சூடு அத்தனை இதமாக இருந்தது. ஆறிய இலையை எடுத்துவிட்டு அடுத்ததை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார். என் பங்கு வேலையையும் அவர்தான் பார்த்திருப்பார். எனக்கு அது பிடிக்கவில்லை. படுத்துக் கிடந்ததும் பிடிக்கவில்லை. கண்ணீர் வழிந்து தலையணை நனைந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். என்னைத் தொட்டுவிடாதபடி, வாசல்படியிலேயே நின்றுகொண்டு பாசமாகத்தான் கேட்டார்.

"தூரம்னு காலையிலேயே சொல்லியிருந்தா நான் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்ல? நீ வலி வலின்னுதான புள்ள சொல்லிக்கிட்டு இருந்த?"

நான் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.